நம்பினார் கெட்ட கதை

சென்ற தவணை எங்கள் கலாசாலையிலே தொல்காப்பியம் உரியியற் பாடம் நடந்துகொண்டிருந்தது. 'நம்பு' என்னும் உரிச்சொல் வந்தது. அதற்குத் தொல்காப்பியர் கூறும் பொருள் 'நசை' என்பது. நசையாவது விருப்பம். இக்காலத்தில் நாம் நம்புதல் என்று சொல்வது வேறு. ஒன்றை மெய்யெனக் கொள்வதையே நம்புதல் என்கின்றோம். விரும்புதலைக் குறித்த சொல் மெய்யெனக் கொள்ளுதலைக் குறிக்கும் சொல்லாய் மாறியது எங்ஙனம் என்று வகுப்பை நோக்கி வினாவினேன்.

கடைசி வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

"ஐயா, மனிதர் தாம் விரும்புவதைத்தானே மெய்யென்று கொள்கின்றார்கள். சொல் மாறியதற்கு வேறு காரணமும் தேட வேண்டுமா?" என்றான்.

அவ்விடை இலக்கணத்துக்கு முற்றும் பொருந்துமோ பொருந்தாதோ, உலகியலுக்குப் பொருந்தும் என்று சொல்லி மேலே நடந்தேன்.

மறுநாள் மாலை அவன் என் வீட்டு வாயிலில் வந்து நின்றான். கையிலே ஒரு சிறிய ஆங்கில நூல். ஏலி வீசெல் என்னும் யூத எழுத்தாளர் தம் இளமையிற் பட்ட துன்பத்தை எழுதிய நூல் அது. 'இரவு' என்பது அதன் பெயர். முதலில் இத்திஷ் மொழியிலே விரிவாக எழுதப்பட்டு 1956ஆம் ஆண்டு புவனோஸ் ஐரிஸ் நகரில் வெளிவந்தது. பின்னர்ச் சுருங்கி 1958இல் பிரெஞ்சிலும் 1960இல் ஆங்கிலத்திலும் வந்தது. வீசெல் 1986ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றவர், 2016இல் காலமானார்.

"ஐயா, இந்நூலில் வரும் ஊர்ச்சனங்கள் மூடர்களா?" என்று மாணவன் கேட்டான். "வரப்போவதை ஒருவன் கண்டுவந்து சொன்னான். அவர்கள் கேட்கவில்லை. பகைவர் வந்து வேலியடைத்தார்கள். அதன் பின்னும் நல்லதே நடக்கும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். இப்படியும் ஒரு சனம் இருக்குமா?"

யான் உடனே விடை கூறவில்லை. நூலை வாங்கிப் படித்தேன். அக்காலத்து வரலாற்றையும் தேடிப் படித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டிய விடையை வாசகர் முன்னும் வைத்தல் தகும் என்று தோன்றிற்று.

ஊரும் மக்களும்

சிகெட் என்பது கார்ப்பாத்திய மலைச்சாரலிலே தீசா நதிக்கரையில் உள்ள ஒரு சிறு நகரம். இன்று அஃது உருமேனிய நாட்டின் வட எல்லையில் இருக்கின்றது. முதல் உலகப் போருக்கு முன்னர் அது ஹங்கேரிக்கு உரியது. போரின் பின்னர் உருமேனியாவுக்கு உரியதாயிற்று. 1940ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஜேர்மனியும் இத்தாலியும் வியன்னாவிலே செய்த தீர்ப்பினால் மீண்டும் ஹங்கேரியின் கைக்கு வந்தது.

1941ஆம் ஆண்டளவில் அவ்வூரில் 10,000க்கும் மேற்பட்ட யூதர் வாழ்ந்தனர். ஊர்ச் சனத்தொகையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கினர். கடைக்காரர், தையற்காரர், தச்சர், வேதம் ஓதுவிக்கும் ஆசிரியர் எனப் பல திறத்தினர். வீசெல் அவ்வூரிலே 1928ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் கடை வைத்திருந்தார், ஊராரால் மதிக்கப்பட்டவர்.

இரண்டு முறை கொடி மாறியது. கடைகள் திறந்தே இருந்தன. ஓய்வுநாள் விளக்குகள் எரிந்தே இருந்தன. ஆள்வோர் மாறுவர், ஊர் மாறாது என்பது அம்மக்கள் அநுபவத்தாற் கற்ற பாடம். அந்தப் பாடம் பொய்யன்று. ஆனால், அதற்கு மேலும் ஒரு பாடம் உலகத்தில் உண்டு என்பதை அவர்கள் அறிந்திலர்.

கண்டு வந்தவன்

1941ஆம் ஆண்டு கோடைகாலத்தில் ஹங்கேரி அரசு, தம் நாட்டுக் குடிகள் என்பதற்குப் பத்திரம் காட்ட மாட்டாத யூதர்களைப் பிறநாட்டார் என்று கூறிப் பிடித்தது. அத்தகையோர் பல்லாயிரவர் எல்லைக்கு அப்பால், ஜேர்மன் சேனை கைப்பற்றியிருந்த நிலத்திலே கொண்டுபோய் விடப்பட்டனர். ஓகஸ்ட் மாதம் 26, 27, 28 ஆகிய மூன்று நாள்களில் கமெனெட்ஸ் பொடொல்ஸ்க் என்னும் இடத்திலே அவ்வூர் யூதரும் இவ்வாறு துரத்தப்பட்டவர்களுமாக 23,600 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இத்தொகை கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு.

சிகெட்டிலிருந்து அவ்வாண்டு துரத்தப்பட்டவர்களுள் ஒருவன் மோஷே என்னும் ஏழை. தொழுகைக் கூடத்துத் தொண்டன்; சிறுவனாகிய வீசெலுக்கு மறைநூலின் உட்பொருள் சொல்லித் தந்தவன். காலில் அடிபட்டு, இறந்தான் என்று விடப்பட்டு, உயிர் தப்பி மீண்டு வந்தான். வீடு வீடாகச் சென்று தான் கண்டதைச் சொன்னான். குழி வெட்டச் செய்ததைச் சொன்னான். குழந்தைகளுக்கு நேர்ந்ததைச் சொன்னான்.

எவரும் கேட்கவில்லை. இரக்கம் தேடிப் பிதற்றுகின்றான் என்றார் சிலர். சித்தம் கலங்கிவிட்டது என்றார் சிலர். நாள்கள் சென்றன, மோஷே வாய் அடங்கினான்.

என் மாணவனுக்குக் கோபம் மூட்டிய இடம் இதுவே. ஆயினும் ஒன்றை நினைத்துப் பார்த்தல் வேண்டும். மோஷே சொன்னதை அதுவரை உலகம் கேட்டறியாதது. கொள்ளைக்காக ஊரை எரித்தலை யூதர் அறிவர். வெறியினால் அடித்துக் கொல்லுதலையும் அறிவர். அவர்தம் வரலாறே அதுவாயிற்று. ஒரு நாகரிக அரசு, பட்டியல் எழுதிக் கணக்கு வைத்து, வேலைநேரத்திலே ஒரு முழு இனத்தைக் கொல்லும் என்பதற்கு அவர்தம் பழைய துன்பங்களில் உவமை இல்லை. உவமை இல்லாத பொருளை மனம் பற்றுவது அரிது. கேட்டவர் காதிலே செய்தி விழுந்தது, அறிவிலே ஏறவில்லை.

தூரத்தில் இருந்தவரும் அத்தன்மையரே

இது சிகெட் ஊராரின் குறை மாத்திரமா என்று பார்ப்போம். 1942ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள் பிரித்தானிய பாராளுமன்றத்திலே வெளிநாட்டமைச்சர் ஈடன் எழுந்து, ஐரோப்பிய யூத இனத்தை அழிக்கும் வேலை நடைபெறுகின்றது என்னும் நேசநாடுகளின் அறிக்கையை வாசித்தார். அவையோர் எழுந்து மௌனமாக நின்றனர். செய்தி மறைக்கப்படவில்லை, உலகம் முழுவதும் அறிவிக்கப்பட்டது. கேட்டவருள் எத்தனை பேர் அதை உள்ளபடி உணர்ந்தனர்?

போலந்து நாட்டுத் தூதன் யான் கார்ஸ்கி, வார்சோ நகரத்து யூதர் அடைப்பினுள் மறைவாகப் புகுந்து கண்ணாரக் கண்டவர். அவர் 1943ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரிலே அமெரிக்க உச்சநீதிமன்ற நீதியரசர் பிராங்க்பர்ட்டரைச் சந்தித்துத் தாம் கண்டதைச் சொன்னார். பிராங்க்பர்ட்டர் தாமும் யூதர், அறிவாற் சிறந்தவர், எவ்வித அச்சமும் இல்லாத நாட்டில் இருந்தவர். அவர் கார்ஸ்கியைப் பொய்யர் என்று சொல்லவில்லை. ஆயினும் அவர் கூறுவதை நம்பத் தமக்கு இயலவில்லை என்றார்.

சான்று மதிப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட நீதியரசரால் இயலாத ஒன்றைச் சிகெட் ஊர்க் கடைக்காரரால் இயலவில்லையே என்று நாம் சினத்தல் முறையன்று.

நம்பியதற்குக் காரணம் உண்டு

சிகெட் மக்கள் காரணமின்றி நல்லதை நம்பினாரல்லர். அவர்கள் கையிலே காரணங்கள் இருந்தன.

முதலாவது, ஹங்கேரியில் யூதரை ஒடுக்கும் சட்டங்கள் 1938 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. தொழில் பறிபோயிற்று, மணவுரிமை சுருங்கிற்று, இளைஞர் கட்டாய உழைப்புப் படையிற் சேர்க்கப்பட்டு உருசியப் போர்முனையிலே ஆயிரம் ஆயிரமாக மடிந்தனர். எனினும் போலந்திலே நடந்தது ஹங்கேரியில் நடக்கவில்லை. யூதரை ஒப்படையுங்கள் என்று ஜேர்மனி கேட்டபோதெல்லாம் பிரதமர் காலாய் தட்டிக்கழித்து வந்தார். 1944ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் ஏறக்குறைய 760,000 யூதர் ஹங்கேரி ஆட்சியின் கீழ் உயிரோடு இருந்தனர். சூழவுள்ள நாடுகள் எரியும்போது தம் கூரை எரியாதிருக்கக் கண்டவர், இனியும் எரியாது என்று எண்ணுதல் இயல்பு.

இரண்டாவது, ஜேர்மனி தோற்றுக்கொண்டிருந்தது. 1943இல் ஸ்டாலின்கிராட் போர் முடிந்தது, இத்தாலி சரணடைந்தது. 1944 மார்ச் மாத இறுதியிலே சோவியத் சேனை கார்ப்பாத்திய மலையின் மறுபுறத்துச் சேர்னோவிட்ஸ் நகரைக் கைப்பற்றியது. மலைக்கு அப்பால் விடுதலை நின்றது. இன்னும் சில கிழமை பொறுத்தாற் போதும் என்று எண்ணாதார் யார்?

மூன்றாவது, முதியவர்களின் நினைவு. முதல் உலகப் போரிலே ஹங்கேரி யூதர் தம் நாட்டுக்காகப் போர்புரிந்து பதக்கம் பெற்றவர்கள். அக்காலத்து ஜேர்மன் வீரரை ஒழுங்குடையவர் என்று அறிந்தவர்கள். தாம் கண்ணாற் கண்ட ஜேர்மனியரைக் கொண்டே வரப்போகும் ஜேர்மனியரை அளந்தனர்.

நான்காவது காரணம் எல்லாவற்றிலும் வலியது. போக இடம் இல்லை. வீசெல் தம் தந்தையிடம், எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் பாலஸ்தீனத்துக்குப் போய்விடுவோம் என்று கேட்டதாக எழுதுகின்றார். புதிய நாட்டில் முதலிலிருந்து தொடங்குவதற்குத் தமக்கு வயது கடந்துவிட்டது என்று தந்தை மறுத்தார். வீட்டையும் கடையையும் கல்லறையையும் விட்டு எங்கே போவது? போக்கிடம் இல்லாதவனுக்கு நம்பிக்கை ஒன்றே இருப்பிடம்.

இரு மாதங்கள்

1944ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் நாள் ஜேர்மன் சேனை ஹங்கேரியிற் புகுந்தது. யூதரை அகற்றும் வேலைக்கென்று அடோல்வ் ஐக்மன் ஒரு குழுவினருடன் புடாபெஸ்ட் வந்து சேர்ந்தான். வந்தவன் முதலில் வாளை உருவவில்லை. யூதரைக் கொண்டே ஒரு யூத சபையை அமைப்பித்தான். அதன் உறுப்பினரைத் தன் விடுதிக்கு அழைத்து, கட்டளைக்கு அமைந்து நடப்பின் தீங்கு வராது என்று கூறி அனுப்பினான். சபையாரும் மக்களை அமைதியாய் இருக்குமாறு வேண்டினர்.

தமிழிலே 'தேற்றுதல்' என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. தெளிவித்தலும் தேற்றுதல், ஆறுதல் கூறலும் தேற்றுதல். அச்சபையார் செய்தது இரண்டாவது தேற்றுதல். முதலாவது செய்திருப்பின் என்னாகும் என்பது இன்றும் வரலாற்றாசிரியர் வழக்காடும் பொருள்.

ஏப்பிரல் 5ஆம் நாள் முதல் யூதர் யாவரும் உடையிலே மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ளல் வேண்டும் என்றாயிற்று. துணித்துண்டுதானே என்று அதற்கும் மனம் பழகிற்று. சிகெட்டுக்கு வந்த ஜேர்மன் அதிகாரிகள் யூதர் வீடுகளில் இறங்கினர். சிரித்துப் பேசினர், மரியாதையாய் நடந்தனர். பார்த்தீர்களா, இவர்களையா கொடியவர் என்றீர்கள் என்று நம்பினவர் நம்பாதவரைக் கேட்டனர்.

ஏப்பிரல் 8 முதல் 15 வரை அவ்வாண்டுப் பஸ்கா திருநாள். அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் திருநாள் அது. திருநாள் முடிந்த மறுநாளே, ஏப்பிரல் 16ஆம் நாள், நாட்டின் வடகீழ்ப் பகுதியிலே யூதரைத் திரட்டி அடைக்கும் வேலை தொடங்கியது. சிகெட்டிலே தெருக்கள் சிலவற்றை முள்வேலியால் வளைத்து, கெட்டோ எனப்படும் அடைப்புக் குடியிருப்புக்கள் இரண்டு அமைக்கப்பட்டன.

வேலிக்குள்ளே நடந்ததுதான் வியப்பு. மக்கள் அங்கும் அமைதி கண்டனர். பகைமுகங்கள் கண்ணிற் படவில்லை, சுற்றிலும் தம்மவரே. தமக்கென ஒரு சபை, தமக்கெனக் காவலர், தமக்கென மருத்துவ உதவி. சோவியத் சேனை வரும்வரை இப்படியே இருந்துவிடலாம் என்று பேசிக்கொண்டனர். வேலி தம்மைச் சிறைசெய்தது என்று காணாது, தம்மைக் காக்கின்றது என்று கண்டனர்.

ஆனால், அதே ஏப்பிரல் மாதத்தில் மற்றொன்றும் நடந்தது. பஸ்காவுக்கு முன்னாளாகிய ஏப்பிரல் 7ஆம் நாள், அவுஷ்விட்ஸ் கொலைமுகாமிலே இருந்த ருடொல்வ் விர்பா, அல்பிரெட் வெட்ஸ்லர் என்னும் சுலோவாக்கிய யூத இளைஞர் இருவர் மரக்குவியல் ஒன்றினுள் ஒளிந்தனர். மோப்பநாய்கள் அணுகாதபடி பெற்றோலில் நனைத்த புகையிலையை சுற்றிலும் தூவினர். மூன்று நாள் அங்ஙனம் கிடந்து, 10ஆம் நாள் இரவு வெளிப்பட்டு, மலையும் காடும் கடந்து தம் நாடு சேர்ந்தனர். முகாமின் அமைப்பையும், நச்சுவாயு அறைகளையும், கொல்லப்பட்டோர் தொகையையும் மாத இறுதிக்குள் விரிவாகச் சொல்லி எழுதுவித்தனர். அடுத்தது ஹங்கேரி யூதரே என்பதை எச்சரித்தலே தம் நோக்கம் என விர்பா பிற்காலத்திற் கூறினார்.

அவ்வறிக்கை யூதத் தலைவர் சிலரின் கைக்கு எட்டியது. சிகெட் போன்ற ஊர்களின் காதுக்கு எட்டவில்லை. தலைவர் அதனை வெளியிடாதது ஏன் என்னும் வழக்கு, போர் முடிந்து பத்தாண்டின் பின்னர் இஸ்ரவேல் நீதிமன்றத்திலும் எழுந்தது. புடாபெஸ்டிலே ஐக்மனுடன் பேரம் பேசி 1,684 பேரைத் தனிப் புகைவண்டியில் அனுப்பிய காஸ்ட்னர் என்பவரைப் பற்றிய வழக்கு அது. 1955இல் நீதிபதி அவரைக் கடிந்து தீர்ப்புக் கூறினார். 1957இல் காஸ்ட்னர் சுடப்பட்டு இறந்தார். 1958இல் உச்சநீதிமன்றம் முன்னைத் தீர்ப்பின் பெரும்பகுதியை மாற்றியது. அவ்வழக்கிலே தீர்ப்புக் கூற யான் யார்? வேலிக்குள் இருந்தவர் அறியாதிருந்தனர் என்பது மாத்திரம் உறுதி.

அப்பவெளி

மே மாதம் 15ஆம் நாள் புகைவண்டிகள் ஓடத் தொடங்கின. எங்கே கொண்டுபோகின்றார்கள்? இவ்வினாவுக்குப் பொய்யர் ஆயத்தமாக விடை வைத்திருந்தனர். போர்முனை அண்மையில் இருப்பதால் பாதுகாப்புக்காக உள்நாட்டுக்குக் கொண்டுபோகின்றார்கள் என்று ஒரு பேச்சு. செங்கற் சூளைகளில் வேலை என்று ஒரு பேச்சு. கொலொஸ்வார் முதலிய நகரங்களிலே, கெஞேர்மெஸோ என்னும் இடத்துக்குப் போகின்றீர்கள், குடும்பம் பிரியாது, வயலில் வேலைசெய்யலாம் என்று பரப்பினர். கெஞேர்மெஸோ என்பதற்கு ஹங்கேரிய மொழியிலே அப்பவெளி என்று பொருள். பசித்தவன் காதில் அப்பெயர் எப்படி ஒலித்திருக்கும்!

சில நாளில் அஞ்சலட்டைகளும் வந்தன. முன்னர்ச் சென்றவர், யாம் நலம், வேலைசெய்கின்றோம் என்று தம் கையாலேயே எழுதியிருந்தனர். வால்ட்சே என்பது அவற்றில் இருந்த இடப்பெயர். காட்டு ஏரி என்று பொருள்படும். அவற்றை எழுதியவர் அவுஷ்விட்ஸ் முகாமிலே, காவலரின் கட்டளைப்படி எழுதினர். பலர் எழுதி முடித்த பின் உயிரோடு இல்லை.

அப்பவெளி, காட்டு ஏரி. கொலைகாரர் நரகத்துக்கு இட்ட பெயர்கள் இவை. மக்களின் அறிவின்மையை நோக்கி இப்பெயர்களை அவர்கள் தெரியவில்லை. மக்களின் நசையை நோக்கித் தெரிந்தனர். உழைத்து உண்ண வேண்டும், குடும்பம் பிரியாதிருக்க வேண்டும், பிள்ளைகள் காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும் என்பன அம்மக்களின் நியாயமான விருப்பங்கள். அந்த நியாயமான விருப்பங்களையே தூண்டிலில் இரையாகக் கோத்தனர்.

சிகெட் ஊராரை மே மாத நடுப்பகுதியிலே, ஏறக்குறைய ஒரு கிழமைக்குள், கூட்டங் கூட்டமாக ஏற்றினர். ஏற்றியவர் பெரும்பாலும் ஹங்கேரி நாட்டுக் காவற்படையினரே. கால்நடை ஏற்றும் பெட்டி ஒன்றிலே எழுபது எண்பது பேர். வண்டி காஷாவ் என்னும் எல்லை நகரிலே ஜேர்மன் காவலரிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்போதுதான், உள்நாட்டுக்கு அன்று, வெளிநாட்டுக்குப் போகின்றோம் என்பது பலருக்குத் தெளிந்தது. காலம் கடந்த தெளிவு.

அதற்குச் சில நாள்களுக்கு முன்னர், வீசெல் குடும்பத்தில் முன்பு வேலைசெய்த கிறிஸ்தவப் பெண் ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள். தன் கிராமத்திலே ஒளிந்திருக்க இடம் தருகின்றேன், வாருங்கள் என்று அழைத்தாள். தந்தை போக உடன்படவில்லை. பிள்ளைகள் விரும்பினாற் போகலாம் என்றார். பிள்ளைகள் பெற்றோரை விட்டுப் பிரிய மறுத்தனர். ஒருவரை ஒருவர் பிரியக்கூடாது என்று யாவரும் ஒருங்கே தங்கினர். அவுஷ்விட்ஸ் வந்து இறங்கிய இரவே ஆண்கள் இப்புறம், பெண்கள் அப்புறம் என்று பிரிக்கப்பட்டனர். தாயாரும் கடைக்குட்டித் தங்கையும் திரும்பவில்லை. தந்தையார் 1945 சனவரியில் புகென்வால்ட் முகாமில் இறந்தார். மூத்த சகோதரியர் இருவரும் வீசெலும் எஞ்சினர்.

இதனை மூடத்தனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்களைத் தடுத்தது பாசம்.

யூலை 9ஆம் நாள்வரை, எட்டுக் கிழமைக்குள், ஏறக்குறைய 437,000 யூதர் ஹங்கேரியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டனர். பெரும்பாலோர் அவுஷ்விட்ஸில் வந்திறங்கிய நாளிலேயே கொல்லப்பட்டனர். சோவியத் சேனை அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் சிகெட்டுக்கு வந்தது. அம்மக்கள் எதிர்பார்த்தபடியே வந்தது. ஐந்து மாதம் பிந்தி வந்தது.

நம்பியவர் பிழைத்த இடம்

இதற்கு எதிரான ஒரு கதையும் உண்டு. அதனையும் சொல்லாவிட்டால் விடை முழுமை பெறாது.

1943ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியிலே டென்மார்க்கு நாட்டு யூதரைப் பிடிக்க ஜேர்மனியர் நாள் குறித்தனர். அங்கே இருந்த டுக்விட்ஸ் என்னும் ஜேர்மன் அதிகாரி ஒருவரே இரகசியத்தை டேனிய அரசியலாருக்கு வெளிப்படுத்தினார். செப்டெம்பர் 29ஆம் நாள் காலை, கோப்பன்ஹேகன் தொழுகைக் கூடத்திலே குரு மெல்ஷியோர் வழிபாட்டை நிறுத்தினார். இன்றே வீட்டை விட்டு ஒளியுங்கள், கண்டவர்க்கெல்லாம் சொல்லுங்கள் என்றார். மக்கள் கேட்டனர். அயலவர் கதவைத் திறந்தனர். வைத்தியசாலைகள் நோயாளர் என்று பெயர் பதிந்து ஒளித்தன. மீனவர் படகிலேற்றிக் கடல் கடத்தினர். ஏறக்குறைய 7,200 யூதர் சுவீடன் சேர்ந்தனர். பிடிபட்டவர் 500க்கும் குறைவினர்.

டேனிய யூதர் சிகெட் யூதரினும் அறிவிற் சிறந்தவரா? அல்லர். அவர்க்குச் சொன்னவர் ஊர்ப் பித்தன் அல்லர், அவர்தம் குரு. சொன்னபோது கூடவே ஒரு கடற்கரையும் படகும் இருந்தன. கதவு திறந்திருந்தமையால் அபாயத்தை மெய்யென்று ஒப்புக்கொள்ளல் அவர்க்கு எளிதாயிற்று. அபாயம் மெய்யென்று ஒப்புக்கொண்டாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லாதவன், அதனைப் பொய்யென்று எண்ணியே இரவிலே உறங்குகின்றான். ஆதலால் துயர்ச் செய்தி சொல்பவன் வழியையும் சொல்லல் வேண்டும். வழியைத் தரத்தக்க நிலையில் இருப்பவர் தம் கதவைத் திறந்து வைத்தல் வேண்டும். சிகெட்டின் குற்றத்தில் ஒரு பெரும் பங்கு, கதவடைத்திருந்த உலகத்துக்கு உரியது.

ஹங்கேரியிலும் உண்மை பின்னர் வேலை செய்தது. விர்பாவும் வெட்ஸ்லரும் தந்த அறிக்கை யூன் மாதத்திலே சுவிட்சர்லாந்துப் பத்திரிகைகளில் வெளிவந்தது. பாப்பரசரும், அமெரிக்க சனாதிபதி ரூஸ்வெல்டும், சுவீடன் மன்னர் குஸ்தாவும் ஹங்கேரியின் ஆட்சித்தலைவர் ஹோர்த்திக்கு எழுதினர். யூலை மாதத் தொடக்கத்தில் ஹோர்த்தி வண்டிகளை நிறுத்தினார். புடாபெஸ்ட் நகரத்து யூதர் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் அப்போதைக்குத் தப்பினர். பின்னரும் அவர்கள் மீது கொடுமைகள் நிகழ்ந்தன. ஆயினும் அவருள் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் போர் முடியுமளவும் உயிரோடு இருந்தனர். ஏப்பிரலில் எழுதப்பட்ட உண்மை யூன் வரை பெட்டியிற் கிடந்தது. பெட்டியிற் கிடந்த அந்நாள்களின் விலை சிகெட் முதலிய ஊர்கள்.

மாணவனுக்குச் சொன்ன விடை

இவற்றையெல்லாம் ஒரு மாலை அவனுக்குச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பின், "அப்படியானால் ஐயா, எதையும் நம்பாதிருத்தல்தான் அறிவா?" என்று கேட்டான்.

"அன்று" என்றேன். "டென்மார்க்கிலே படகேறியவரும் நம்பித்தான் ஏறினர். முன்பின் அறியாத மீனவனை நம்பி நள்ளிரவிலே குழந்தையோடு கடலில் இறங்கினர். நம்பாமல் மனிதர் வாழ முடியாது. யாரை நம்புவது என்பதை ஆராய்தற்கு வள்ளுவர் தெரிந்துதெளிதல் என்று தனி அதிகாரமே வகுத்தார். அவர் அரசர்க்குச் சொன்னதை நாம் நமக்கும் கொள்ளலாம்.

"ஒரு செய்தி வந்தால் இரண்டு கேள்வி கேள். சொல்பவன் இதனாற் பெறுவது யாது? மோஷே தன் சொல்லாற் பெற்றது ஏளனம் ஒன்றே. பெறுவது ஒன்றும் இன்றி ஒருவன் வாசல் வாசலாக நின்று கத்தினால், அவன் பித்தனே ஆயினும் இருத்திக் கேட்டல் வேண்டும். அப்பவெளி என்று சொன்னவர் பெற்றது, வண்டியில் அமைதியாக ஏறிய கூட்டம். இரண்டாவது கேள்வி உன்னை நோக்கியது. இதனை யான் மெய்யென்பது சான்றினாலா, நசையினாலா? முதற்கேள்வி எளிது. இரண்டாவது மிக அரிது. அமைதியான காலத்திலே கேட்டுப் பழகாதவர்க்கு அஞ்சும் காலத்திலே அது நினைவுக்கு வராது."

அவன் நூலை எடுத்துக்கொண்டு எழுந்தான். படலையடியில் நின்று திரும்பி, "ஐயா, மூடர்கள் என்று யான் சொன்னதை எடுத்துவிடுகின்றேன்" என்றான்.

அடுத்த வகுப்பிலே உரியியல் முடிந்து எச்சவியலுக்குப் போனோம். 'நம்பு' என்னும் சொல்லுக்கு நேரே அவன் தன் கொப்பியில் இரண்டு பொருளையும் எழுதி, இடையிலே ஒரு கோடு இட்டிருந்ததைக் கண்டேன். அக்கோட்டை அழிக்க வேண்டாம் என்று சொன்னேன்.